உள்ளூர்க்காரர் விலை

பங்குனி மாதக் கடைசியில் ஒரு நாள் இரவு, அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் குடியிருக்கும் என் மச்சான் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகனுக்கு, அதாவது என் மருமகனுக்கு, அயல் மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரின் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. நல்ல செய்தி சொல்ல எடுத்தவரின் குரலில் மகிழ்ச்சியிலும் பார்க்க மனக்குறையே மேலோங்கி இருந்தது. அவர் வீட்டிலிருந்து மாநில எல்லை காரில் முக்கால் மணி நேர ஓட்டம். எல்லைக்கு அப்பால் உள்ள வீட்டுப் பிள்ளை கட்டுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கை இவருடைய மகன் கட்ட வேண்டும். "அந்தப் பெடியனும் என்ர பெடியனும் ஒரே வகுப்பிலதான் இருக்கப் போறாங்கள். ஒரே கதிரை, ஒரே வாத்தியார். காசு மட்டும் ரெண்டு விதம்" என்றார்.

அதே குளிர்காலத்தில்தான் அவர்கள் குடும்பமாகப் பிராங்கோனியா கணவாய்க்குப் பனிச்சறுக்கப் போயிருக்கிறார்கள். அங்குள்ள கெனன் மலை தனியாருடையது அன்று. நியூ ஹாம்ப்ஷயர் மாநில அரசே அதைச் சொந்தமாக வைத்திருந்து நடத்துகிறது. வட அமெரிக்காவிலேயே முதன்முதலாக, 1938 இல், கம்பியில் தொங்கிச் செல்லும் பெட்டி வண்டியில் ஆட்களை மலையுச்சிக்கு ஏற்றிய இடம் அதுதான். அங்கேயும் மாநிலவாசிகளுக்குச் சலுகைகள் உண்டு. 65 வயதை எட்டிய மாநிலவாசிகள் வார நாட்களில் இலவசமாகவே சறுக்கலாம். வரிசையில் தனக்கு முன்னால் நின்ற முதியவர் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிவிட்டுக் காசில்லாமல் போனதையும், பின்னால் நின்ற தான் நாலு பேருக்கு முழு விலை கொடுத்ததையும் மச்சான் சொன்னார். விளையாட்டில் அது தனக்குப் பெரிதாகப் படவில்லை என்றும், படிப்பில்தான் சுடுகிறது என்றும் சொன்னார்.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவன். ஒரே பொருளை வேறுவேறு ஆட்களுக்கு வேறுவேறு விலையில் விற்பதற்குப் பாடப்புத்தகத்தில் விலை பேதம் என்று பெயர் இருக்கிறது. அதற்கான நிபந்தனைகளைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். மச்சானுக்கும் அதையே சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் அது தனியார் கடைக்கான விளக்கம். அரசு என்பது இலாபத்தைக் கூட்டுவதற்காக விலை வைக்கும் கடைக்காரர் அன்று. அரசு இரண்டு விலை வைக்கும்போது, யார் நம்மவர், யார் வெளியார் என்று சேர்த்தே சொல்லிவிடுகிறது. எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு விலை கொடுக்காத வீடு இல்லை. ஆகவே அன்றிலிருந்து இதைப் பற்றி வாசித்தும் யோசித்தும் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

உள்ளூர்ச் சலுகைக்கு எல்லா இடத்திலும் சொல்லப்படும் முதல் நியாயம் வரி. மலையையோ பல்கலைக்கழகத்தையோ கட்டியது அந்த மக்களின் பணம். ஆகவே அவர்களுக்குக் குறைந்த விலை என்பது சலுகையே அன்று, முன்கூட்டியே கட்டிய பணத்தின் மீதி என்பது வாதம். இது நியாயமான வாதம். கொலராடோவில் வின்ரர் பார்க் என்ற சறுக்கு மலையை 1940 இல் தொடக்கியது டென்வர் மாநகரம். 2002 முதல் அதை ஒரு நிறுவனம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது என்றாலும், ஆண்டுதோறும் குறைந்தது 20 இலட்சம் டொலர் மாநகரத்தின் பூங்காக்களுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே நகரவாசிக்குரிய பங்கு நுழைவுச்சீட்டில் வராமல், வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் வெட்டப்பட்ட புல்லாகவும் போடப்பட்ட வாங்கிலாகவும் வருகிறது. சலுகை கொடுப்பதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்பதை நான் இதை வாசிக்கும் வரை யோசித்ததில்லை.

ஆனால் நியூ ஹாம்ப்ஷயரை எடுத்துப் பார்த்தால் வரி நியாயம் சற்றுத் தள்ளாடுகிறது. அந்த மாநிலத்தில் பொது விற்பனை வரி கிடையாது, சம்பளத்துக்கு மாநில வருமான வரியும் கிடையாது. வீட்டுக்கும் காணிக்கும் கட்டும் ஆதன வரியில்தான் பெரும்பகுதி ஓடுகிறது. அரச பல்கலைக்கழகத்துக்கு மாநிலம் கொடுக்கும் பணத்தை மாணவர் தலைக்குப் பிரித்துப் பார்த்தால், அமெரிக்க மாநிலங்களின் வரிசையில் அது அடியில் நிற்கும். அதனாலேயே சொந்த மாநிலப் பிள்ளைகளிடம் அங்கே வாங்கும் கட்டணமும் மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் கூடுதலாக இருக்கிறது. அப்படியானால் என் மருமகன் கட்டப்போகும் இரட்டிப்புப் பணம், அந்த மாநிலத்துப் பெற்றோர் வரியாகக் கட்டியதற்கு ஈடாகக் கேட்கப்படுவது என்று மட்டும் சொல்ல முடியாது. அவர்கள் கட்டாமல் விட்டதை நிரப்புவதற்கும் அது போகிறது. மச்சானுடைய மனக்குறையில் பாதிக்கு மேல் சரி என்று எனக்குப் பட்டது இந்த இடத்தில்தான்.

அதற்காக நியூ இங்கிலாந்து மாநிலங்கள் அயலவர் பிள்ளைகளை முற்றாகத் தள்ளிவிடவும் இல்லை. சொந்த மாநிலத்து அரச கல்லூரிகளில் இல்லாத ஒரு துறையைப் படிக்க அயல் மாநிலத்துக்குப் போகும் பிள்ளைக்குக் கட்டணத்தைக் குறைக்கும் ஓர் உடன்பாடு அந்த ஆறு மாநிலங்களுக்கிடையே 1957 முதல் இருக்கிறது. மேற்கு மாநிலங்களிலும் அப்படியொரு ஏற்பாடு உண்டு. அதன்படி வெளிமாநிலப் பிள்ளை உள்ளூர்க் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் கட்டத் தேவையில்லை. மின்னசோட்டாவும் விஸ்கொன்சினும் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலாக விட்டுக்கொடுக்கின்றன. மருமகன் எடுத்த துறை அவனுடைய மாநிலத்திலேயே இருந்ததால் அவனுக்கு இவற்றால் பயன் இல்லை. கலிபோர்னியாவுக்குப் போயிருந்தால் நிலைமை இன்னும் கடினம்: 2025 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த வெளிமாநில மாணவர் மேலதிகமாகக் கட்ட வேண்டிய தொகை மட்டும் 37,602 டொலர்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த உள்ளூர்–வெளியூர் விலையைப் பல தடவை நிறுத்துப் பார்த்திருக்கிறது. அவற்றுள் எங்கள் ஊர் மனிதருக்குச் சட்டென்று விளங்கக்கூடியது 1948 ஆம் ஆண்டின் வழக்கு. தென் கரோலினாக் கடலில் இறால் பிடிக்கும் படகுக்கு அந்த மாநிலத்தவர் 25 டொலர் உரிமக் கட்டணம் கட்டினால் போதும். வெளிமாநிலத்தவரானால் 2,500 டொலர். ஒன்றுக்கு நூறு. அயல் மாநிலமான ஜோர்ஜியாவின் மீனவர்கள் வழக்குப் போட்டார்கள், வென்றார்கள். ஒருவர் உழைத்துச் சாப்பிடும் தொழிலை இப்படி விலை வைத்து மறிக்கக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1978 இல், மொன்ரானா மாநிலத்தின் வேட்டை உரிமம் பற்றிய வழக்கு வந்தது. எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட உள்ளூர்க்காரருக்கு 9 டொலர். வெளியூர்க்காரர் வேறு விலங்குகளுக்கும் சேர்த்த 225 டொலர் உரிமத்தைத்தான் வாங்க வேண்டும். இங்கே நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. மான் வேட்டை பொழுதுபோக்கு, அதில் யாருடைய சீவனமும் தங்கியிருக்கவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணம்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தபோது மச்சான் தன்னுணர்வால் சொன்னதையே நீதிபதிகளும் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றியது. பனிச்சறுக்கில் விலை கூடினால் ஒரு நாள் இன்பம் குறையும். போகாமல் விட்டாலும் குறைந்துபோக எதுவுமில்லை. படிப்பு அப்படியன்று. அது இறால் வலையின் பக்கத்தில் வைக்க வேண்டியது. மான் வேட்டையோடு சேர்க்கக்கூடியது அன்று. ஆயினும் அமெரிக்கச் சட்டம் பல்கலைக்கழகக் கட்டணத்தில் இரட்டை விலையை அனுமதிக்கிறது. அனுமதித்தபடியே ஒரே ஒரு கட்டுப்பாட்டை உறுதியாக வைத்திருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டைத்தான் நான் இந்த விடயத்தின் உயிர்நிலையாகக் கருதுகிறேன்.

1971 இல், கலிபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண், கனெற்றிகட் மாநிலத்தவரான ஒருவரைக் கலியாணம் செய்து கணவருடைய ஊரில் குடியேறினார். ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு, வாக்காளர் பதிவு எல்லாவற்றையும் அங்கே மாற்றிக்கொண்டார். ஆனால் கனெற்றிகட் அரச பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த நாளில் அவருடைய முகவரி கலிபோர்னியாவில் இருந்தது. அந்த ஒரு காரணத்துக்காக, படித்து முடிக்கும் வரை அவர் வெளியார்தான் என்றும், வேறு எந்தச் சான்றையும் பார்க்க மாட்டோம் என்றும் மாநிலச் சட்டம் சொன்னது. 1973 இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை விலக்கியது. உண்மையான குடியிருப்பாளருக்கு மாநிலம் குறைந்த விலை வைக்கலாம், ஓராண்டு காத்திரு என்றும் சொல்லலாம். ஆனால் நான் இப்போது இந்த ஊரவர் என்று நிரூபிக்க ஒருவருக்கு வாய்ப்பே கொடுக்காமல், ஒரு நாளைய முகவரியைக் காலம் முழுவதும் அவர் தலையில் கட்டிவைக்கக்கூடாது. அதுதான் தீர்ப்பு.

இன்று அங்குள்ள மாநிலங்கள் பெரும்பாலும் 12 மாதக் குடியிருப்பைக் கேட்கின்றன. படிப்பதற்காக மட்டும் வந்து தங்கிய மாதங்கள் பொதுவாகக் கணக்கில் சேரா. கலிபோர்னியா 2001 இல் இன்னொரு கதவையும் திறந்தது: அந்த மாநிலத்தில் மூன்று ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் படித்துச் சித்தியடைந்த பிள்ளை, குடிவரவுப் பத்திரம் இல்லாத வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், உள்ளூர்க் கட்டணத்தில் படிக்கலாம். ரெக்சஸ் மாநிலமும் அதே ஆண்டில் அத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்தது. அதை 2025 ஆனி மாதத்தில் கூட்டரசு வழக்கொன்று நிறுத்திவிட்டது. அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கு மனம் மிகவும் கனத்தது. அங்கேயே வளர்ந்து, அங்கேயே சோதனை எழுதிய பிள்ளைகள், ஒரே கிழமையில் தங்கள் சொந்த ஊரிலேயே வெளியூர்க்காரரானார்கள்.

இந்த இடத்தில் என் அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் 1989 இல் கோண்டாவிலிலிருந்து புறப்பட்டுச் சுவிற்சர்லாந்துக்குப் போனவர். முதலில் விருந்தினர் விடுதிச் சமையலறையில் கோப்பை கழுவினார், பின்னர் அதே விடுதியில் சமையற்காரரானார். வலே மாநிலத்தில், மலைச்சரிவில் இருக்கும் ஒரு சிறிய ஊர். அங்கே சறுக்கு மலைக்கு ஏற்றிச்செல்லும் கம்பி வண்டி நிறுவனத்தில் ஊராட்சிக்கும் பங்கு இருக்கிறது. ஊராட்சியில் வதிவிடம் பதிந்தவர்களுக்குப் பருவகாலச் சீட்டு குறைந்த விலையில் கிடைக்கும். அண்ணா சுவிஸ் குடியுரிமை எடுப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, வதிவிட அனுமதி அட்டை மட்டும் இருந்த காலத்திலேயே, அவருக்கும் பிள்ளைகளுக்கும் உள்ளூர் விலையில் அந்தச் சீட்டைக் கொடுத்தார்கள். கடவுச்சீட்டின் நிறத்தை யாரும் கேட்கவில்லை. எந்த ஊராட்சியில் பதிவு என்று மட்டுமே கேட்டார்கள். பனியையே கண்டிராத எங்கள் அம்மாவுக்கு அவர் அந்த அட்டையைப் படமெடுத்து அனுப்பியது நினைவிருக்கிறது. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கி, "ஊராள் எண்டு போட்டிருக்கிறாங்களோ?" என்று கேட்டார்.

போன ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த அண்ணாவின் குடும்பத்தோடு, திருவிழா முடிந்த கையோடு தெற்கே ஒரு தொல்லியல் தலத்துக்குப் போனோம். வெளிநாட்டவருக்கு டொலர்க் கணக்கு, சார்க் அமைப்பிலுள்ள தெற்காசிய நாட்டவருக்கு அதைவிடக் குறைந்த தொகை, இலங்கையருக்கு ரூபாய்க் கணக்கு என்ற முறையை நம் நாட்டில் எல்லோரும் அறிவார்கள். நான் அடையாள அட்டையைக் காட்டி நாட்டவர் சீட்டு எடுத்தேன். அண்ணாவும் அண்ணியும் பெறாமகளும் அடுத்த சாளரத்துக்குப் போனார்கள். அண்ணா பழைய தோற் பணப்பையைத் திறந்து தாள்களை எண்ணும்போது, உள்ளே செருகியிருந்த பனிச்சறுக்கு அட்டை நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. கம்பளித் தொப்பி போட்ட அண்ணாவின் சிறிய படம், அருகில் ஊராட்சியின் முத்திரை. பெறாமகள் குனிந்து எடுத்து, அதன் மீது ஒட்டிய செம்மண்ணை விரலால் துடைத்தாள். "சித்தப்பா, அப்பா அங்க உள்ளூர்க்காரர், இங்க வெளிநாட்டுக்காரரா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதினாறு வயது. அண்ணா ஒன்றும் பேசவில்லை. வெயிலில் படிகளில் ஏறும்போதுகூட அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. வாகனத்தில் திரும்பி வரும் வழியில், வவுனியா தாண்டிய பிறகு, "நான் வரி கட்டுறது அங்கதானே, அதுவும் சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னது சரியா என்று எனக்கு நானே பல தடவை கேட்டுக்கொண்டேன். வருமானம் குறைந்த நாடு ஒன்று, தன் மக்கள் தங்கள் பழம்பெரும் இடங்களைப் பார்க்கக்கூடிய விலையில் வைத்து, பயணச் செலவைத் தாங்கக்கூடியவரிடம் கூடுதலாக வாங்குவதில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நான்கு பேரை டொலர் விலையில் உள்ளே கூட்டிப்போக முடியாது. அண்ணா இரட்டைக் குடியுரிமை எடுத்துக்கொண்டால் அவரும் ரூபாயில் எடுக்கலாம். ஆனால் அதற்கான பணமும் பத்திரங்களும் காத்திருப்பும், வருடத்தில் மூன்று கிழமை வந்து போகும் ஒருவருக்கு எளிதல்ல. அங்கே வாழ்ந்த நாட்களை எண்ணி உள்ளூர்க்காரர் ஆக்கினார்கள். இங்கே பிறந்து வளர்ந்த இருபத்திரண்டு ஆண்டுகளை எண்ணுவதற்குப் படிவம் இல்லை. எனக்கு உறுத்துவது அந்த இடம்தான்.

ஐரோப்பாவிலும் இதைக் குறித்து வழக்கு நடந்திருக்கிறது. இத்தாலியின் சில நகரங்கள், வெனிஸ் நகரின் டோஜே மாளிகை உட்படத் தங்கள் நகராட்சி அருங்காட்சியகங்களில், முதியவர்களுக்கான இலவச அனுமதியை இத்தாலியருக்கோ உள்ளூர்வாசிகளுக்கோ மட்டும் என்று வைத்திருந்தன. 2003 தை மாதத்தில் ஐரோப்பிய நீதிமன்றம் அது தவறு என்றது. உள்ளூர்வாசிகள் வரி கட்டுகிறார்கள் என்று இத்தாலி சொன்னதை நீதிபதிகள் ஏற்கவில்லை. கட்டிய வரிக்கும் கிடைத்த சலுகைக்கும் நேரடித் தொடர்பைக் காணவில்லை என்றார்கள். வரி நியாயத்தை நாங்கள் எவ்வளவு இலகுவாக வாயில் வைத்துக்கொள்கிறோம் என்பதை இந்தத் தீர்ப்பு எனக்கு உணர்த்தியது. கனடாவின் கியூபெக் மாகாண அரசு, ஆங்கிலப் பல்கலைக்கழகங்களுக்கு வரும் பிற மாகாணக் கனடியரின் கட்டணத்தை 2024 இல் ஏறத்தாழ 9,000 டொலரிலிருந்து 12,000 டொலராக உயர்த்தியபோதும், நியாயமான ஆதாரமில்லை என்று அடுத்த சித்திரையில் அந்த மாகாண மேல் நீதிமன்றமே அதை விலக்கியது. சுவிஸில் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2025 இலையுதிர் காலம் முதல், படிப்பதற்கென்றே நாட்டுக்குள் வரும் வெளிநாட்டு மாணவருக்கு அரையாண்டுக் கட்டணத்தை 730 பிராங்கிலிருந்து 2,190 ஆக்கியிருக்கிறது. அங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு, எந்தக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், பழைய கட்டணம்தான். பெறாமகள் அங்கே சேர விரும்புகிறாள் என்பதால் அந்தச் செய்தியை நான் இரண்டு தடவை வாசித்தேன்.

நம் நாட்டில் அரச பல்கலைக்கழகத்தில் கட்டணமே இல்லையே, இங்கே உள்ளூர் விலை எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில், 1945 இல் வந்த இலவசக் கல்வியின் பயனை முழுதாக அனுபவித்தவன் நான். அதற்கு என் நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் விலை இருக்கிறது. பணமாக இல்லாமல் புள்ளியாக இருக்கிறது. பெரும்பாலான துறைகளில், பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்குமாகப் பிரிக்கப்படுகின்றன. அதனால் ஒரே துறைக்கு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வெவ்வேறு வெட்டுப்புள்ளி. மருத்துவத்துக்கு முல்லைத்தீவுப் பிள்ளைக்குப் போதுமான இசட் புள்ளி, அதாவது பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணக்கிடும் புள்ளி, யாழ்ப்பாணப் பிள்ளைக்குப் போதாது. மச்சான் டொலரில் சொன்ன மனக்குறையை எங்கள் வகுப்பறையில் பெற்றோர் புள்ளியில் சொல்கிறார்கள்.

எனினும் இதையும் 1971 இல் நடந்ததையும் ஒரே தராசில் வைப்பதை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. அப்போது பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் என்ற முறை மொழியால் வந்தது. பேராதனை மருத்துவத்துக்கு 400 க்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 229 போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும் என்றார்கள். அந்த இருபத்தொரு புள்ளியை எங்கள் பிள்ளை எந்த ஊரில் எத்தனை ஆண்டு குடியிருந்தும் குறைக்க முடியாது. அது தாய்மொழிக்கு வைத்த விலை. 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்தைக் கடுமையாகத் தாக்கியது என்பது உண்மை. ஆனால் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் ஆய்வுகூடமே இல்லாத பள்ளிக்கூடங்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளைகள் அந்தக் கதவால்தான் போனார்கள். யாழ்ப்பாணத்து ஆசிரியனாக இருந்துகொண்டு இதைச் சொல்வதற்காக ஆசிரியர் அறையில் என்னோடு சண்டை பிடித்தவர்கள் இருக்கிறார்கள். நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் மாவட்டம் என்று எதை எடுப்பது? அமெரிக்க மாநிலங்கள் படும் அதே பாடு இங்கேயும் உண்டு. வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்தில் போய்ச் சோதனை மட்டும் எழுதிவிட்டு வரும் வழியை அடைப்பதற்காக, பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் பிள்ளை படித்த பள்ளிக்கூடம் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று பார்க்கிறார்கள். விதி நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது. இடம்பெயர்ந்து அலைந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் வாழ்க்கை அந்தக் கட்டங்களுக்குள் அடங்காமல் போய்விடும் என்பதுதான் சிக்கல். 1995 ஐப்பசிக் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி அயலிலுள்ள தென்மராட்சிக்குப் போனபோது எனக்குப் பதினாறு வயது. சாவகச்சேரியில் காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகளும் பின்னேரம் நாங்களுமாக ஒரே வாங்குகளில் மாறி மாறி இருந்து படித்தோம். எந்த விதானையார் (கிராம அலுவலர்) பிரிவு, எந்தக் குடும்ப அட்டை என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. காலை நேரத்துப் பிள்ளை ஒருவன் என் மேசையில் பென்சிலால் கணக்கொன்றைப் பாதி செய்து விட்டுப் போவான். நான் மீதியைச் செய்து வைப்பேன். அவனுடைய முகத்தை நான் கண்டதே இல்லை.

கொலராடோவில் ஸ்ரீம்போட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், ஹவெல்சன் குன்று என்ற சறுக்குத் தலம் 1915 முதல் இருக்கிறது. நகராட்சிக்குச் சொந்தமான அந்தக் குன்றில் அண்மைப் பருவங்களில் ஞாயிற்றுக்கிழமை சறுக்க எவருக்கும் கட்டணம் இல்லை. உள்ளூரா வெளியூரா என்ற கேள்வியும் இல்லை. அயலிலேயே ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான டொலர் வாங்கும் தனியார் மலைகள் இருக்கும்போது ஒரு சிறிய ஊர் அப்படிச் செய்கிறது. அதை வாசித்தபோது எனக்குச் சாவகச்சேரி மேசைதான் ஞாபகத்துக்கு வந்தது.

மச்சானுக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான்: விளையாட்டில் ஊரவருக்குக் குறைந்த விலை வைப்பதில் தவறில்லை. படிப்பில் வைத்தாலும் வைக்கட்டும். ஆனால் வெளியார் என்று சொல்லப்பட்ட பிள்ளை, இங்கே வாழ்ந்து, இங்கே உழைத்து, இத்தனை மாதத்தில் இந்த ஊரவர் ஆகலாம் என்று கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு வாசல் இருக்க வேண்டும். அந்த வாசல் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறது. மருமகனுக்கு அது இப்போதைக்குப் பயன்படாது, ஏனென்றால் படிக்க மட்டும் வந்து தங்குபவனுக்கு அது திறவாது. அவன் சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகத்தையே தெரிவு செய்துவிட்டான். வைகாசியில் முற்பணம் கட்டிவிட்டார்கள்.

இந்தக் கிழமை என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் வீட்டுக்கு வந்தார். முல்லைத்தீவில் இருந்தவர்கள், கணவருடைய மருத்துவத்துக்காக இடையில் யாழ்ப்பாணத்துக்கு மாறியவர்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மாவட்டம் என்ற இடத்தில் எதை எழுதுவது என்று கேட்டார். பிள்ளையின் தேர்ச்சி அறிக்கைகள், விடுகைப் பத்திரம், விதானையார் கொடுத்த வதிவிடச் சான்றிதழ் எல்லாவற்றையும் புடவைக்கடைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். திண்ணையில் பரப்பி வைத்து, அனுமதிக் கைநூலை விரித்து, திகதி திகதியாகப் பார்த்தோம். ஓரிடத்தில் ஏழு மாதம் விடுபட்டிருந்தது. அந்த ஏழு மாதமும் பிள்ளை முல்லைத்தீவுப் பள்ளிக்கூடத்துக்கே போனாள் என்றும், வரவுப் பதிவேட்டில் பெயர் இருக்கும் என்றும் தாய் சொன்னார். அப்படியானால் அந்த அதிபரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும் என்றேன். திங்கட்கிழமை விடியற்காலை பேருந்தில் போவதாகச் சொன்னார். படிவத்தில் மாவட்டம் என்ற கட்டத்தை இப்போதைக்கு வெறுமையாக விட்டு, மற்ற எல்லாவற்றையும் நிரப்பி வைத்தோம்.